ஆறு நண்பர்கள், ஐந்து நாள் லீவு: அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா, லங்காவியா?

நண்பர்கள் சேர்ந்து ஏதாவது ஒரு தீவுக்குப் போகலாம் என்ற பேச்சு எல்லா வட்டத்திலும் ஒரு நாள் வந்தே தீரும். இரண்டு பேர் அந்தமான் என்பார்கள். ஒருவர் மாலத்தீவுப் படங்களாக அனுப்பித் தள்ளுவார். இன்னொருவரிடம் பாஸ்போர்ட் இருக்காது. ஒருவர் சைவம், ஒருவருக்குத் தண்ணீர் என்றால் பயம், ஒருவருக்கு லீவு கிடைப்பதே பெரும்பாடு. பேச்சு அங்கேயே நின்று, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று முடிந்துவிடும். அப்படி நடுவில் நிற்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றிப் பார்க்கிற பயணத்துக்கு இது உதவாது. கடலோரத்தில் உட்கார்ந்து, நீந்தி, சாப்பிட்டு, மதியம் தூங்கி, வருடக்கணக்கில் பேசாமல் விட்டதையெல்லாம் பேசித் தீர்க்கிற பயணத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். கிளம்புகிற இடம் சென்னை, ஆட்கள் ஆறு பேர், லீவு ஐந்து நாள் நான்கு இரவு என்று வைத்துக்கொள்வோம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

கடலின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கு இடத்திலும் படத்தில் கடல் நீலமாகத்தான் இருக்கும். நான் முதலில் பார்ப்பது மிஞ்சும் நாட்களை. ஐந்து நாளில் விமான நிலையம், படகுத்துறை, காத்திருப்பு எல்லாம் போக, காலையில் எழுந்து எங்கேயும் கிளம்ப வேண்டியதில்லை என்ற நிலையில் எத்தனை முழு நாள் கையில் இருக்கிறது? இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும். பல பேக்கேஜ்களில் ஐந்து நாளுக்கு நான்கு ஊர் காட்டுவார்கள். அதில் ஒரு முழு நாள்கூட மிஞ்சாது.

இரண்டாவது, குழுவில் யாருக்கு எது முடியாது என்பது. பெரும்பான்மை ஓட்டெடுப்பு இங்கே சரிவராது. பணம் கம்மியாக இருப்பவர், நீந்தத் தெரியாதவர், மீன் வாசனையே ஆகாதவர், படகில் வாந்தி எடுப்பவர் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். பொதுவில் கேட்டால் எல்லாரும் "எனக்கு ஓகே" என்றுதான் சொல்வார்கள். ஆறு பேரில் ஒருவர் ஐந்து நாளும் அறைக்குள்ளேயே கிடந்தால் மற்ற ஐந்து பேருக்கும் அது உறுத்தும்.

மூன்றாவது சாயங்காலம். நண்பர்கள் பயணம் நினைவில் நிற்பது பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்கு மேல் நடப்பதால்தான். எப்போது இருட்டும், இருட்டியபின் உட்கார இடம் உண்டா, சாப்பாடு எத்தனை மணி வரை கிடைக்கும், குடிப்பவர்கள் இருந்தால் அதற்கு அனுமதி உண்டா? இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. போய் இறங்கிய அன்று இரவுதான் தெரியவரும்.

அப்புறம் கடல் எப்படிப்பட்டது, பேப்பர் வேலை எவ்வளவு, மொத்தச் செலவு எவ்வளவு என்பவை. செலவில் விமான டிக்கெட்டும் அறை வாடகையும் கண்ணுக்குத் தெரியும். படகுக் கட்டணம், வரி, வழியில் வீணாகும் ஓர் இரவு ஆகியவை தெரியாது. ஒவ்வொரு தீவிலும் அதைத் தனியாகச் சொல்கிறேன்.

## அந்தமான்

நான்கில் மிக எளிதாகத் தொடங்கக்கூடியது இதுதான். பாஸ்போர்ட் வேண்டாம், இந்தியர்கள் வழக்கமாகப் போகும் தீவுகளுக்குப் பெர்மிட் வேண்டாம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். விமானம் இறங்கும் தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. ஹேவ்லாக் 2018-இல் சுவராஜ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும் ஆயின. ஆனால் படகுத்துறையிலும் ஆட்டோக்காரரிடமும் பழைய பெயர்களே ஓடுகின்றன. தமிழ் பேசுபவர்கள் அங்கே கணிசமாக இருப்பதால் போர்ட் பிளேர் கடைத்தெருவில் மொழி ஒரு தடையே இல்லை.

சிக்கல் படகில்தான். நீங்கள் பார்க்க ஆசைப்படும் கடற்கரைகள் போர்ட் பிளேரில் இல்லை. ஹேவ்லாக்குக்குத் தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், அரசுப் படகில் இன்னும் கொஞ்சம் கூடுதல். கடைசிப் படகு பெரும்பாலும் பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் கிளம்பிவிடும். உங்கள் விமானம் நண்பகலில் இறங்கினால் அதைப் பிடிப்பது சந்தேகம், அன்றிரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். திரும்பும்போதும் அதே கதை. காலை விமானம் என்றால் முந்தின நாளே ஹேவ்லாக்கை விட்டு வந்தாக வேண்டும். ஐந்து நாளில் ஓர் இரவு இப்படிக் கரைந்தால் கையில் மிஞ்சுவது இரண்டு முழு நாள்தான், இரண்டு இரவும் கரைந்தால் ஒன்றுதான். அதனால் அந்தமானுக்கு விமானம் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைவிட இறங்கும் நேரத்தைப் பாருங்கள். அதிகாலை விமானத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் ஒரு நாள் கைக்கு வந்தால் அது லாபம்.

இன்னொரு விஷயம் இருட்டு. அந்தமான் நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்க்க நாலு மணிக்கே போயிருக்க வேண்டும். எட்டு மணிக்கு எழுந்து பழகிய கூட்டம் என்றால் பாதி வெளிச்சத்தைத் தூங்கியே கழித்துவிடுவீர்கள். ஐந்து மணிக்கு எழத் தயார் என்றால் இதைவிட அழகான காலைகள் வேறெங்கும் இல்லை.

ஹேவ்லாக்கா நீலா என்று கேட்டால் ஓய்வுக்கு நான் நீலைத்தான் சொல்வேன். ஹேவ்லாக்கில் ராதாநகர் இருக்கிறது, ஸ்கூபா சொல்லிக்கொடுக்கும் இடங்கள் நிறைய, எலிபன்ட் பீச்சில் ஸ்நார்கெலிங் உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கிளம்பிப் போக வேண்டும். நீல் சிறிய தீவு. தேசப் பிரிவினைக்குப் பின் குடியேறிய வங்காளக் குடும்பங்கள் காய்கறி பயிரிட்டு வாழும் ஊர் அது. சைக்கிளிலேயே கடற்கரைக்குக் கடற்கரை போய்விடலாம், வழியெல்லாம் வாழையும் கத்தரித் தோட்டமும். பரத்பூர் கரையில் காலையில் கடல் வற்றும்போது பார்க்க வேண்டும். தண்ணீர் கால் கிலோமீட்டர் பின்வாங்கியது போல இருக்கும். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் நட்சத்திர மீனும் குட்டி நண்டும் அசையாமல் கிடக்கும். ஒரு மணி நேரம் குனிந்தபடியே நடக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் நீந்த முடியாது. அதனால் கடல் ஏறும் நேரம் என்ன என்பதை விடுதிக்காரரிடம் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சங்கும் பவளத்துண்டும் எடுத்துவரச் சட்டம் அனுமதிப்பதில்லை. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

தெரியாத செலவுகள்: தனியார் படகு ஆளுக்கு ஒரு வழிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும், ஆறு பேருக்குப் போக வர என்று பெருக்கினால் சின்னத் தொகை அல்ல. போர்ட் பிளேரில் வீணாகும் இரவின் அறை வாடகை தனி. பொங்கல், கிறிஸ்துமஸ் விடுமுறைகளில் விமானக் கட்டணம் கோலாலம்பூர் டிக்கெட்டையே தாண்டும் நேரங்களும் உண்டு. கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும், விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. மே முதல் செப்டம்பர் வரை இந்த ஆபத்து அதிகம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை போகலாம். உப்புநீர் முதலைகள் உள்ள கடல் என்பதால் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், அலையாத்திக் காட்டை ஒட்டியும் இறங்க வேண்டாம். அந்தி சாய்ந்தபின் எங்குமே இறங்க வேண்டாம்.

யாருக்கு நல்லது: பாஸ்போர்ட் இல்லாத ஒருவராவது இருக்கும் குழு, காலையில் எழுபவர்கள், ஸ்கூபா கற்க ஆசைப்படுபவர்கள். ஆறு நாள் லீவு கிடைத்தால் இன்னும் நல்லது.

## லட்சத்தீவு

அழகில் இந்த நான்கில் எனக்கு இதுதான் முதல். 36 தீவுகள், அவற்றில் மக்கள் வாழ்வது 10-இல் மட்டும். தீவைச் சுற்றிப் பவளப்பாறை அரண் போல நிற்பதால் அலை வெளியிலேயே உடைந்துவிடுகிறது. உள்ளே இடுப்பளவு தண்ணீர், குளம் போல அசைவற்று இருக்கும். நீந்தத் தெரியாத நண்பர் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு முதன்முதலாகக் கடலில் மிதக்க இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. அகத்தித் தீவின் கடற்கரையோரம் ஆமைகள் கடற்புல் மேய வருவதை முழங்கால் அளவு நீரில் நின்றே பார்க்கலாம்.

ஆனால் நினைத்தவுடன் போக முடியாது. வெளியாட்கள் யாராக இருந்தாலும் பெர்மிட் வேண்டும். அதற்கு அடையாள அட்டை, புகைப்படம், காவல்துறைச் சான்று என்று ஆளுக்கு ஒரு கட்டுப் பேப்பர். ஆறு பேரில் ஒருவர் ஒரு பேப்பரைத் தாமதமாகக் கொடுத்தாலும் மற்ற ஐவரும் காத்திருக்க வேண்டியதுதான். 2024 ஜனவரியில் பிரதமர் போய்வந்த படங்களுக்குப் பிறகு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள், தங்கும் அறைகளோ கொஞ்சம்தான்.

போவதற்கு இரண்டு வழி. கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம் ஒன்றரை மணி நேரம். அல்லது கொச்சியிலிருந்து கப்பல், தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம். கப்பலில் மூன்று தீவு காட்டும் அரசுச் சுற்றுலா ஒன்று உண்டு. அதில் இரவு கப்பலில், பகலில் ஒவ்வொரு தீவாக இறக்கிக் கூட்டிவருவார்கள். பார்ப்பதற்கு அருமை. ஆனால் நாம் தேடும் ஓய்வு அதில் இல்லை, மணி அடித்தால் ஏறி மணி அடித்தால் இறங்கும் பயணம் அது. ஓய்வுக்கு என்றால் விமானத்தில் அகத்தி போய், அங்கேயோ பங்காரம், கட்மத் தீவுகளிலோ ஒரே இடத்தில் தங்குவது நல்லது. லீவுக்கு முந்தின நாள் இரவே ரயிலில் கொச்சி போய் காலை விமானத்தைப் பிடித்தால் மூன்று முழு நாள் மிஞ்சும்.

மதுவிலக்கு உள்ள தீவுகள் இவை. ஆள் குடியில்லாத பங்காரம் மட்டும் விலக்கு. இரவு எட்டரைக்கு ஊர் அடங்கிவிடும். பேசிக்கொண்டிருக்க மட்டுமே வரும் கூட்டத்துக்கு அது வரம். வேறு கேளிக்கை தேடுபவர்கள் இரண்டாம் நாளே சலித்துப்போவார்கள். பேச்சு மலையாளத்துக்கு மிக நெருக்கமானது, நாம் சமாளித்துக்கொள்ளலாம். மினிக்காய் மட்டும் வேறு, அங்கே மாலத்தீவு மொழிக்கு உறவான மஹல் பேசுகிறார்கள். சாப்பாடு மூன்று வேளையும் சூரை மீன், தேங்காய், சோறு. சைவம் கிடைக்கும், வகை எதிர்பார்க்கக் கூடாது.

தெரியாத செலவு இங்கே பணத்தைவிட நேரம்தான். அகத்திக்கு வருவது சின்ன விமானங்கள், இருக்கை கம்மி. தேதி மாற்ற வேண்டி வந்தால் டிக்கெட், பெர்மிட், அறை மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். மே நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை மழைக் கடல், அந்தப் பக்கமே வேண்டாம்.

யாருக்கு நல்லது: நாலு பேருக்குள் அடங்கும், சொன்ன சொல் மாறாத குழு. மூன்று மாதம் முன்பே முடிவெடுக்க முடியும் என்றால் தயங்காமல் போங்கள்.

## மாலத்தீவு

மாலத்தீவு என்றதும் தண்ணீர் மேல் கட்டிய வீடும் லட்சக்கணக்கில் வாடகையும் எல்லாருக்கும் நினைவு வரும். அது தனித்தீவு ரிசார்ட். 2009-க்குப் பிறகு ஊர்மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் வரத் தொடங்கின. நண்பர்கள் குழுவுக்குப் பொருத்தம் இவைதான், இங்கே ஒப்பிடுவதும் இவற்றைத்தான். இந்தியருக்கு இறங்கியதும் 30 நாள் இலவச விசா. கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதைச் செய்துதரப் பணம் கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள், அரசின் தளத்தில் அது இலவசம்.

எந்தத் தீவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாஃபுஷி தலைநகர் மாலேயிலிருந்து 27 கிலோமீட்டர், ஸ்பீட்போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், கட்டணம் ஆளுக்குச் சுமார் 25 டாலர். விடுதிகள் நெருக்கியடித்து நிற்கும், கூட்டமும் அதிகம். ஆனால் விலை குறைவு, தினமும் ஏதாவது ஒரு படகுப் பயணம் கிளம்பும். திகுரா கொஞ்சம் தள்ளி, தெற்கு அரி பவளத்திட்டில் இருக்கிறது. மூன்று கிலோமீட்டர் நீளத்தில் ஒடுங்கலான தீவு, முனையில் நீண்ட மணல் திட்டு, அந்தக் கடலில் ஆண்டு முழுவதும் திமிங்கலச் சுறா வரும். படகுக் கட்டணம் மாஃபுஷியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். படகு நேரமும் விமான நேரமும் பொருந்தாவிட்டால் மாலே பக்கம் ஓர் இரவு தங்க வேண்டும். ஓய்வு என்றால் நான் திகுராவைச் சொல்வேன், பணத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றால் மாஃபுஷி.

சாயங்காலத்தில் இந்த ஊர்த்தீவுகளுக்கு ஒரு தனி அழகு உண்டு. துறைமுகத்தை ஒட்டி மரநிழலில் வரிசையாக இரும்புச் சட்டங்கள் நட்டு, அவற்றில் கயிற்றுவலை கட்டி இருக்கை செய்திருப்பார்கள். ஜோலி என்பார்கள். உட்கார்ந்தால் உடம்பு வலைக்குள் அமிழ்ந்து கால் தரையிலிருந்து மேலே வந்துவிடும், எழுந்திருக்க மனசே வராது. வேலை முடிந்த ஊர்க்காரர்கள் அதில் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். நீங்களும் உட்காரலாம், யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆறு பேர் ஆறு வலையில் அமர்ந்து, கறுப்புத் தேநீரும் மீன் வைத்துப் பொரித்த பலகாரமும் கொறித்துக்கொண்டு பேசும் ஒரு மாலைக்காகவே நான் மாலத்தீவை இந்தப் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

மது இந்தத் தீவுகளில் கிடையாது. கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரிசார்ட்டிலும், மாஃபுஷிக்கு வெளியே கடலில் நங்கூரமிட்டிருக்கும் மிதவைக் கப்பலிலும் கிடைக்கும், விலை கடுமை. நீச்சல் உடைக்கு என்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். ஊருக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வெள்ளிக்கிழமை அரசுப் படகு ஓடாது. ரமலான் மாதத்தில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். இப்போதைய ஆண்டுகளில் அது பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருவதால் நல்ல பருவத்தின் நடுவிலேயே விழுகிறது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவ நண்பருக்கு இது கடினமான இடம். காலைப் பலகாரமே துருவிய தேங்காய், வெங்காயம், மிளகாயோடு பிசைந்த சூரை மீனும் ரொட்டியும்தான். நம் ராமேஸ்வரம் பக்கமும் இலங்கையிலும் மாசி என்று சம்பலில் போடும் காய்ந்த மீனின் தாய்வீடு இது. மீன் பிரியர்களுக்குக் கொண்டாட்டம். சைவம் என்றால் விடுதியிடம் முன்பே சொல்லி, ஊறுகாயும் பருப்புப்பொடியும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் மறைந்திருக்கும் செலவு மிக அதிகம். ஒரு கணக்குப் பாருங்கள். விடுதி அறை 60 டாலர் என்று போட்டிருக்கும். அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், இரண்டும் சேர்ந்த தொகைக்கு 17 சதவீதம் சுற்றுலா வரி. 77 டாலர் ஆகிவிட்டது. அப்புறம் பசுமை வரி என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், 50 அறைக்கு மேல் உள்ள விடுதி என்றால் 12. இருவர் தங்கும் 60 டாலர் அறை இப்படி 89 டாலரில் வந்து நிற்கிறது. ஆறு பேருக்கு மூன்று அறை, நான்கு இரவு என்றால் கூடுதல் மட்டும் 348 டாலர். விலை ஒப்பிடும்போது "எல்லா வரியும் சேர்த்து" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம், கடல் தெளிவு.

யாருக்கு நல்லது: எல்லாரிடமும் பாஸ்போர்ட் இருந்து, குடி பற்றிக் கவலை இல்லாத, மீன் சாப்பிடும் குழு. கடலுக்குள் பார்க்க ஆசைப்படுபவர்கள். ஐந்து நாளில் மாஃபுஷி என்றால் மூன்று முழு நாள் கைக்கு வரும்.

## லங்காவி

மலேசியாவின் வடமேற்கு ஓரத்தில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய தீவு. இந்தியருக்கு 2026 டிசம்பர் இறுதி வரை 30 நாளுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும், இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் ஆன்லைன் வருகை அட்டை நிரப்ப வேண்டும். சென்னையிலிருந்து கோலாலம்பூர் நாலு மணி நேரம், அங்கிருந்து லங்காவி ஒரு மணி நேரம். இரவு விமானம் எடுத்தால் மறுநாள் நண்பகலுக்குள் பந்தாய் செனாங் கடற்கரை மணலில் கால் வைத்துவிடலாம். நடுவில் படகு இல்லை என்பது பெரிய நிம்மதி.

கடலைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும். மற்ற மூன்று இடத்தின் தெளிவு இங்கே கிடையாது. நீர் சற்றுக் கலங்கல், சில மாதங்களில் சொறி என்று நம் மீனவர் சொல்லும் ஜெல்லி மீன் வரும். பவளமும் மீனும் பார்க்க வேண்டுமென்றால் பாயார் தீவுக்குத் தனிப் படகுப் பயணம் போக வேண்டும். ஆனால் மணல் அகலமானது, கரை மெதுவாக இறங்குகிறது, காடும் மலையும் கடலோரம் வரை வருகின்றன. யுனெஸ்கோ 2007-இல் இதைப் புவிப்பூங்காவாக அங்கீகரித்தது. கேபிள் காரில் மேலே போனால் பாறை முகடுகள் கடலுக்குள் இறங்கும் காட்சி கிடைக்கும்.

சாயங்காலத்தில் லங்காவியை வெல்ல இந்த நான்கில் ஆளில்லை. மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது, சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் இறங்குகிறது. எட்டரைக்கு எழுந்து, மதியம் தூங்கி, ஐந்து மணிக்குக் கரைக்குப் போனாலும் இரண்டு மணி நேர வெளிச்சம் பாக்கி. 1987 முதல் இது சுங்க வரி இல்லாத தீவு, மதுவும் சாக்லேட்டும் மலேசியாவின் மற்ற இடங்களைவிட மலிவு. இரவு பத்து மணிக்கு மேலும் மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் கடையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரும் கிடைக்கும், பல கடைகளில் தமிழிலேயே சொல்லி வாங்கலாம். சைவ நண்பருக்கு இட்லி, தோசை போடும் உணவகங்கள் உண்டு.

தெரியாத செலவு: தீவுக்குள் பேருந்தை நம்பிப் போக முடியாது. அழைப்பு டாக்சி அல்லது வாடகைக் கார். ஆறு பேர் ஒரே காரில் அடங்காது, ஏழு இருக்கை வண்டி கேட்க வேண்டும். இடப்பக்க ஓட்டம்தான், நமக்குப் பழக்கம். ஆனால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஊரிலேயே எடுத்துக்கொண்டு போங்கள். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. மலிவு விமானத்தில் பைக்குத் தனிக் கட்டணம், இரண்டு விமானத்துக்கும் சேர்த்துப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழை வலுக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்லது.

யாருக்கு நல்லது: விருப்பங்கள் கலந்த குழு. நீந்துபவர், நீந்தாதவர், சைவம், அசைவம், குடிப்பவர், குடிக்காதவர் எல்லாரும் ஒரே பயணத்தில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | அந்தமான் (நீல்) | லட்சத்தீவு (அகத்தி) | மாலத்தீவு (ஊர்த்தீவு) | லங்காவி |
|---|---|---|---|---|
| 5 நாளில் மிஞ்சும் முழு நாள் | 1 அல்லது 2, விமான நேரம் அமைந்தால் 3 | 3 | 3 | 3 |
| பேப்பர் | அடையாள அட்டை போதும் | பெர்மிட், சான்றுகள் | பாஸ்போர்ட், ஆன்லைன் படிவம் | பாஸ்போர்ட், வருகை அட்டை |
| டிசம்பரில் அஸ்தமனம் | 5 மணி | 6 மணிக்கு மேல் | 6 மணி | 7 மணிக்கு மேல் |
| கடல் தெளிவு | நன்று | மிக நன்று | மிக நன்று | சுமார் |
| நீந்தத் தெரியாதவர் | பரவாயில்லை | மிகப் பொருத்தம் | பொருத்தம் | பொருத்தம் |
| சைவம் | எளிது | கிடைக்கும் | கடினம் | எளிது |
| மது | உண்டு | பங்காரத்தில் மட்டும் | இல்லை | உண்டு |
| கவனிக்க வேண்டியது | படகு நேரம் | முன்கூட்டிய ஏற்பாடு | வரிகள் | கார் |

## என் தேர்வு

ஐந்து நாள், ஆறு பேர், விருப்பம் பலவிதம் என்றால் என் ஓட்டு லங்காவிக்கு. கடல் தெளிவில் விட்டுக்கொடுப்பதை, எல்லாரும் ஒன்றாக இருக்கும் நேரத்தில் திரும்பப் பெற்றுவிடுகிறீர்கள். லீவு ஆறு நாளாக நீண்டாலோ, ஒருவரிடம் பாஸ்போர்ட் இல்லாவிட்டாலோ அந்தமான், அதுவும் நீல் தீவில் மட்டும் மூன்று இரவு. ஹேவ்லாக்கையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். இன்னொரு பெட்டி கட்டல், இன்னொரு படகு, அரை நாள் போச்சு. கடலுக்காகவே போகிறோம் என்று ஆறு பேரும் ஒத்துக்கொண்டால் திகுரா. லட்சத்தீவைப் பெரிய குழுவாக முயல வேண்டாம், மூன்று நான்கு பேராக ஒரு பிப்ரவரியில் போங்கள்.

வெளிநாடு என்றால் ஏஜென்ட்டிடம் முழுப் பேக்கேஜாக வாங்கும்போது டி.சி.எஸ். என்று, விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரியாக ஒரு தொகை பிடிப்பார்கள். வருமான வரித் தாக்கலில் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அது யார் பான் எண்ணில் பிடிக்கப்படுகிறதோ அவர் கணக்குக்குத்தான் போகும். ஒருவர் மொத்தமாகக் கட்டிவிட்டு மற்றவர்களிடம் வசூலிப்பதாக இருந்தால் இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விமானமும் அறையும் தனித்தனியாக நீங்களே பதிவு செய்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பதிவு செய்யும் வரிசையும் முக்கியம். லட்சத்தீவுக்கு முதலில் பெர்மிட்டும் அறையும் உறுதியாகும் வழியைப் பார்த்துவிட்டு விமானம். அந்தமானுக்கும் திகுராவுக்கும் படகு நேரத்தைப் பார்த்துவிட்டு விமானம். லங்காவிக்கு இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான்.

ஸ்கூபா போடும் எண்ணம் இருந்தால் அதை முதல் இரண்டு நாளுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஆழத்திலிருந்து வந்த உடம்போடு உடனே விமானம் ஏறக் கூடாது. ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். கடைசி நாள் காலையில் சலுகை விலையில் கூட்டிப்போகிறேன் என்று யார் அழைத்தாலும் போக வேண்டாம்.